டோ ஊருக்கு, கேம்பர் டிராக்குக்கு

உடன்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை 600 கிலோமீட்டருக்கு மேல். போக வர 1,200. அங்கே இருக்கும் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். 'டிராக் டே' என்று பணம் கட்டி, சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டுகிறவருக்கு நாள் முழுக்க 25 சுற்று கிடைத்தாலே பெரிய காரியம். கூட்டிப் பார்த்தால் 100 கிலோமீட்டர்கூடத் தேறாது. அப்படியானால் வண்டியின் வீல் அலைன்மென்ட்டை எதற்காக வைப்பது? அந்த 100 கிலோமீட்டருக்கா, இந்த 1,200 கிலோமீட்டருக்கா?

எங்கள் வீட்டில் இது உண்மையாகவே எழுந்த கேள்வி. என் அக்கா மகன் பழைய போலோ ஜிடி ஒன்று வைத்திருக்கிறான். ஏட்டில் அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. அவனுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது முதல் அவன் கால் தரையில் நிற்கவில்லை. அந்த போர்ஷே படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். முன்சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது.

"நெகட்டிவ் கேம்பர் மூணு டிகிரி வச்சாச்சுன்னா வண்டி ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போவுமாம்லா மாமா?"

"போவும்டே. டயரும் சேந்து போவும்."

சாலை வண்டியைப் பந்தயத்துக்கு இழுத்துப் போவது இங்கே புதிதல்ல. சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், வீதியில் ஓடிய ஹெரால்டையும் பியட்டையும்தான் பிரித்து மேய்ந்து ஓட்டினார்கள். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது 1990இல். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். அந்த பார்முலா மாருதியில் ஓட ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் 1995இல் காலமானார். கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையம் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படிப் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டியில் எந்தக் கோணத்தையும் ஸ்பேனரால் மாற்றிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய வண்டியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. நம் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மாற்ற வேண்டிய கோணங்கள் மூன்று. முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரத்தின் மூக்கும் உள்நோக்கி இருக்கிறதா, வெளிநோக்கி இருக்கிறதா என்பது டோ. பக்கத்தில் நின்று பார்த்தால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பதும் இதேதான்.

கேம்பர் எதற்கு என்றால், வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரத்தின் பெரும்பகுதி இடப்பக்கம் சரிகிறது. நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்களில் முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். உடல் சாயச் சாய இடது முன்சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து, டயர் தன் தோளின்மேல் ஏறி ஓடுகிறது. உள்பாதி ரப்பர் சும்மா இருக்கிறது. முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் நிமிர்ந்து முழு அகலமும் தரையில் படியும். கம்பெனி வைத்துத் தருவது பெரும்பாலும் அரை டிகிரிக்கு அக்கம்பக்கம். தடத்துக்கு 2 முதல் 3 டிகிரி நெகட்டிவ் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் வளைவுக்காகச் சாய்த்து வைத்த டயர் நேர்ச்சாலையில் உள்ளோரத்தில்தான் அழுந்தி ஓடும். பிரேக் போடும்போது தரையில் படியும் ரப்பரும் குறையும். தேரி மணற்குன்றிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த செம்மணல் தார்மேல் பூசியிருக்கிற எங்கள் சாலையில், ஆடு குறுக்கே வந்தால் அது விளையாட்டில்லை. அனல்மின் நிலைய வேலைக்குப் போய்வரும் லாரிகள் அழுத்திய பள்ளத் தடத்தில் அதிகக் கேம்பர் உள்ள வண்டி ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடுங்கும்.

எல்லாரும் டயர் தின்னும் பழியைக் கேம்பர்மேல் போடுகிறார்கள். பெரிய திருடன் டோதான். முன்னால் டோவைக் கொஞ்சம் வெளியே வைத்தால் ஸ்டீயரிங் தொட்டவுடன் மூக்கு திரும்பும். அதனால் டிராக்கில் பலருக்கு அது பிடிக்கும். விலை என்ன? ஒரு சக்கரத்துக்கு 0.2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 அங்குல ரிம்மில் அது 1.3 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கோணத்தில் திரும்பி நிற்கும் சக்கரத்தை நேராக இழுத்துக்கொண்டு போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை மீட்டர் அது பக்கவாட்டில் தேய்கிறது. உடன்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் டயரை 2 கிலோமீட்டருக்கு மேல் குறுக்கே வைத்து இழுத்த கணக்கு. திரும்பி வரும்போது இன்னொரு 2. போதாக்குறைக்கு எட்டயபுரம், அருப்புக்கோட்டை வெட்டவெளியில் 100இல் போகும்போது வண்டி ஒரு நிலையில் நிற்காமல் அலையும். ஓட்டுகிறவன் மதுரை தாண்டுமுன் களைத்துவிடுவான்.

பின்சக்கரத்துக்கு ஒரே விதி. டோ வெளியே போகவே கூடாது. முன்னால் வெளியே போனால் வண்டி அலையும். பின்னால் வெளியே போனால் வளைவில் வாலைச் சுழற்றிவிடும். போலோ மாதிரி வண்டிகளில் பின்னால் இருப்பது ஒற்றைக் கட்டையான டார்ஷன் பீம். அங்கே திருக எதுவும் இல்லை. அது நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

காஸ்டர்தான் மூன்றிலும் சாது. அதிகமாக இருந்தால் ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். பதிலுக்கு வண்டி நேராக ஓடும், விட்டால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும். திருப்பும்போது வெளிச்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பரும் கூடும். திரும்பும்போது மட்டும் வருகிற கேம்பர் என்பதால் நேர்ச்சாலையில் டயரைத் தின்னாது. கிடைத்தால் விடக் கூடாது. ஆனால் பெரும்பாலான சாலை வண்டிகளில் கிடைப்பதில்லை.

மருமகனும் நானும் தூத்துக்குடி பைபாஸ் பக்கம் ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போனோம். நான்கு சக்கரத்திலும் கவ்வியை மாட்டி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, கேமரா படிக்க, திரையில் எண்கள் வந்தன. கேம்பர் இடது முன்சக்கரத்தில் மைனஸ் 0.6, வலதில் மைனஸ் 0.2. மருமகன் ஓட்டுநர் இருக்கையில் ஏழு சிப்பம் கருப்பட்டியை அடுக்கியிருந்தான். சிப்பத்துக்கு 10 கிலோ. அவன் எடையும் அதுதான். ஆள் உட்கார்ந்தால் வண்டி தாழும், கோணம் மாறும். அந்தப் பாரத்தோடு அளந்தால்தான் கணக்கு சரி. கடைக்காரர் கருப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கேம்பர் ரெண்டு வேணும்."

"தம்பி, இந்த வண்டில எனக்குத் திருகக் கெடைக்கது டோ மட்டுந்தான். ஸ்ட்ரட்டை நக்கிள் கவ்விப் பிடிச்சிருக்கு பாத்தியா, கேம்பர் போல்ட்டும் ஏறாது. மேல பிளேட் மாத்துனாத்தான் உண்டு. மொதல்ல இந்த இடவல வித்தியாசத்த எடுப்போம்."

சப்ஃபிரேம் போல்ட்டைத் தளர்த்தி ஒரு நூல் நகர்த்தினார். இரண்டு பக்கமும் மைனஸ் 0.4 என்று வந்து நின்றது. பிறகு டை ராட் லாக் நட்டை இளக்கி டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து இடப்பக்கம் சரிந்திருப்பதால் வண்டி இடப்பக்கம் இழுக்கும் என்று சிலர் இடத்துக்கும் வலத்துக்கும் வேண்டுமென்றே வித்தியாசம் வைக்கச் சொல்வார்கள். டிராக்குக்குப் போகிற வண்டியில் அது வேண்டாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் இடவளைவிலும் வலவளைவிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார்: "அந்தச் சிப்பத்த எங்கிட்ட விட்டுட்டுப் போறியளா?" ஒன்றை விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு டிகிரியா, மூன்றா என்பதை இணையத்தில் யாரோ போட்ட எண்ணைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. தேய்ந்த செருப்பைப் பார்த்து ஆளின் நடையைச் சொல்லிவிடுவதுபோல, டயரே சொல்லிவிடும். தடத்திலிருந்து உள்ளே வந்த உடனே, ஒவ்வொரு டயரிலும் வெளியோரம், நடு, உள்ளோரம் என்று மூன்று இடத்தில் வெப்பம் அளக்க வேண்டும். மேலோடு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் ரப்பரில் குத்தி அளக்கும் ஊசிமானி நல்லது. மருமகன் முதல் தடவை அளந்து எழுதிவந்த இடது முன்டயர் கணக்கு: வெளியோரம் 94, நடு 86, உள்ளோரம் 79 டிகிரி. டயர் தோளில் ஏறி ஓடியிருக்கிறது, கேம்பர் போதவில்லை. உள்ளோரம் வெளியோரத்தைவிட 5 முதல் 8 டிகிரி கூடுதலாக இருந்தால் சரி. அதற்கும் மேலே போனால் கேம்பர் அதிகம். நடு மட்டும் தனியாகக் கொதித்தால் அது கேம்பர் பிரச்சினை இல்லை; காற்று அதிகம். மானி இல்லையென்றால் டயரின் தோளில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை தரை தொட்டிருக்கிறது.

அதன்பிறகுதான் அண்ணாச்சி சொன்ன அந்த மேல் பிளேட்டை, கேம்பர் பிளேட்டை, வாங்கினான். மைனஸ் 1.8இல் நிறுத்தினோம். கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறிவிடும். ஆகவே டோவை எப்போதும் கடைசியில் வைக்க வேண்டும். மறுபடி பூஜ்யம். அடுத்த தடவை அதே டயரில் வெளியோரம் 85, உள்ளோரம் 91. ஊருக்கு வந்து பார்த்தால் உள்ளோரம் சற்றே கூடுதலாகத் தேய்ந்திருந்தது; கவலைப்படும்படி இல்லை.

பிளேட்டில் ஊருக்கு ஒரு குறி, டிராக்குக்கு ஒரு குறி போட்டு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றலாம். கேம்பரோடு டோவும் மாறும், வெயிலில் காய்ந்த தரையில் படுத்து டை ராடைத் திருக வேண்டும், ராத்திரி கிளம்பும்முன் திரும்பவும் அதே வேலை. சரியாக வராத டோவோடு 600 கிலோமீட்டர் ஓட்டி வருவதைவிட, நடுவாந்தரமான கேம்பரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது மேல். வீட்டுப் பக்கத்திலேயே தடம் இருக்கிற கோயம்புத்தூர்க்காரரும், வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் போகிறவரும் வேறு கணக்குப் போடலாம். ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்புகிறவருக்கு என் தீர்ப்பு இதுதான்: டோவை ஊர்ச்சாலைக்கு வையுங்கள், பூஜ்யமாக. கேம்பரை டிராக்குக்கு வையுங்கள், 2 டிகிரி தாண்டாமல். காஸ்டர் கிடைத்த மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தச் சாமானும் வாங்காமல் போங்கள். இடவலத்தைச் சமமாக்கி, டோவைப் பார்த்து, கடைக்காரர் தரும் அளவுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர், மூன்று இடம், பன்னிரண்டு எண்கள். அவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். பிளேட்டுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அந்த எண்களைப் பார்த்து முடிவுசெய்யலாம்.