கரி போட்டால் மண் சுத்தமாகிவிடுமா?



போன வாரம் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் நிலம், ரசாயனக் கழிவுநீர் பாய்ந்து தரிசாகக் கிடக்கிறதாம். "சார், பயோசார் போட்டு வெட்டிவேர் நட்டா ரெண்டு வருஷத்துல நிலம் சுத்தமாயிடும்னு வீடியோல சொல்றாங்க. அப்புறம் கீரை போடலாமா?" என்று கேட்டார்.

அவசரப்படாதே என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிளஸ் டூ செய்முறை வகுப்பு நினைவிருக்கிறதா? பொட்டாசியம் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம், ஆல்கஹால் சேர்த்துச் சூடாக்கினால் பச்சையாக மாறும். ஆரஞ்சில் இருப்பது குரோமியம் ஆறு. அது நீரில் கரைந்து கிணறு வரை போகும், புற்றுநோயும் தரும். பச்சையில் இருப்பது குரோமியம் மூன்று. அது பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். காற்று அதிகம் படாமல் மூட்டம் போட்டு எடுக்கும் பயோசார், மண்ணில் ஏறக்குறைய அந்த ஆல்கஹாலின் வேலையைத்தான் செய்கிறது. தன் நுண்துளைகளில் உலோகத்தைப் பிடித்தும் வைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உலோகம் மக்கிப்போகும் பொருள் இல்லை. அது அங்கேயேதான் இருக்கும்.

செடி உறிஞ்சி எடுத்துவிடாதா? கடுகு, சூரியகாந்தி போன்றவை காட்மியம் மாதிரிச் சில உலோகங்களை இலை வரை ஏற்றும். குரோமியமோ பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். மேலும், கரி உலோகத்தைக் கட்டிப்போடுகிறது; கட்டிப்போட்டதைச் செடி எப்படி உறிஞ்சும்? ஆகவே கரியும் வெட்டிவேரும் சேர்ந்து செய்வது பூட்டுப் போடும் வேலை. அதைச் 'சுத்தம்' என்று சொல்லி விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பூட்டுவதும் தேவைதான். புழுதி பறக்காது, விஷம் கிணற்றுக்கு இறங்குவது குறையும். ஆனால் ராணிப்பேட்டையில், மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலைபோலக் கிடந்ததே, அதைக் கரி மூட்டையால் தீர்க்க முடியாது. 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக அந்த ஊரைப் பட்டியலிட்டார்கள். அங்கெல்லாம் கழிவை முதலில் அகற்ற வேண்டும். செலவைக் கொட்டியவர்களும் அரசும் ஏற்க வேண்டும், விவசாயி அல்ல.

மாணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: தழை, மணி, சாம்பல் சத்துப் பரிசோதனை போதாது. மொத்தக் குரோமியத்தையும் குரோமியம் ஆறையும் தனித்தனியே பார்க்கச் சொல். கிணற்றுத் தண்ணீரையும் கொடு. முதலில் கால் ஏக்கரில் மட்டும் செய்து பார். அங்கே வளர்வதை மாட்டுக்குப் போடாதே, உரக்குழியிலும் போடாதே. முடிவு தெரியும்வரை கீரை வேண்டாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பு முடிந்ததும் அந்த ஆரஞ்சுத் திரவத்தைத் தொட்டியில் கொட்டச் சொன்னவன் நான்தான். அது எங்கே போகும் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் அந்தக் கேள்வியை வகுப்பிலேயே கேளுங்கள்.