நடக்கத் துணை ஒருவர்

மாரடைப்பு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் மூன்று ரகம். "உமக்கு ஒன்றுமில்லை ஐயா, எல்லாம் வாயுதான்" என்று சொல்லி, கையோடு ஒரு சோடாவும் வாங்கி வருகிறவர் முதல் ரகம். "எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது, எட்டாம் நாள்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறவர் இரண்டாவது. மூன்றாவது ரகத்தார் அதிகம் பேசுவதில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள். "அண்ணி, நீங்கள் இரண்டு மணி நேரம் தூங்குங்கள், நான் இருக்கிறேன்" என்பார்கள். மனிதன் மறுபடி எழுந்து நடப்பதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயில் கொழுப்புத் திட்டு ஒன்று வெடிக்கிறது. அதன் மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் மடிந்துகொண்டே வரும். ஆகவே சீரகக் கஷாயம் போட அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் 108க்குப் போன் செய்துவிட வேண்டும். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நத்தம் பக்கமோ வேடசந்தூர் பக்கமோ தள்ளி இருக்கிறவர்களுக்காக, 2023ல் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் வந்தது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

சரி, அடைப்பைத் திறந்தாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று. இனிமேல்தான் சங்கடம்.

அந்தக் காலத்தில் மாரடைப்பு என்றால் நாலு முதல் ஆறு வாரம் வரை படுக்கைதான். திரும்பிப் படுக்கக்கூட உத்தரவு கிடையாது. 1952ல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும், நோயாளியைத் தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொலை பாதகம் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நோயாளிகளோ தெம்பாகத்தான் இருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1955 செப்டம்பர் 24ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த டாக்டர் பால் டட்லி ஒயிட், வியாதியை மூடி மறைக்காமல் ஊர் உலகத்துக்கெல்லாம் விளக்கிச் சொன்னார். பத்திரிகை நிருபர்கள் சேர்ந்து ஜனாதிபதிக்கு ஒரு சிவப்புப் பைஜாமாவைப் பரிசளித்தார்கள். "இப்போது ரொம்பத் தேவலை, நன்றி" என்று சட்டைப் பையின் மேல் எம்பிராய்டரி வேலை! அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் படமெடுக்க உட்கார்ந்தார். மறு வருஷம் தேர்தலிலும் ஜெயித்தார்.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். நாகல் நகரில் நெசவு வேலை செய்கிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி செம்புத் தண்ணீரைக்கூடத் தூக்க விடமாட்டாள். மகன் பத்திரிகையை ஒளித்து வைப்பான். பணக் கவலையைப் பற்றிப் பேசாமல் எல்லாரும் அடுப்படியில் கூடிக் கிசுகிசுப்பார்கள். இவருக்கோ இடது தோளில் ஒரு சுளுக்கு என்றாலும் மரண பயம். அன்பு செலுத்துகிறவர்களே மனிதரைப் பொம்மையாக்கி விடுகிறார்கள்! மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது மனச் சோர்வு கடுமையாகப் பிடித்துக்கொள்கிறது. மாத்திரையைத் தவற விடுவதும், நடக்க மறுப்பதும், சும்மா எரிந்து விழுவதும் அதன் வேலைதான். "சோம்பேறி" என்று திட்டாமல், அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இங்கேதான் துணை வேண்டியிருக்கிறது. டாக்டர் சம்மதித்ததும், காலை வெயில் ஏறுவதற்கு முன், தெருக்கோடி வரை ஐந்து நிமிஷம் கூட நடக்க ஒரு சிநேகிதர் வந்தால் போதும். வாரம் செல்லச் செல்ல ஐந்தைப் பத்தாக்கலாம், பத்தை இருபதாக்கலாம். எவ்வளவு வேகம் என்று கேட்கிறீர்களா? பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு இரைப்பாக மாறினால் வேகம் அதிகம். தனியாகப் போகிறவருக்கு இந்த அளவுகோல் கிடையாதே! மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கலாம். படியேறுவதை டாக்டர் சொல்லும் வரை தள்ளிப் போடுங்கள். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசாங்கம் ஆரம்பித்ததே, அதுவும் மெள்ள வரட்டும்.

கணவன் மனைவி உறவைப் பற்றி வெட்கத்தால் பலர் கேட்பதில்லை. இரண்டு மாடிப் படி இரைக்காமல் ஏற முடிந்தவருக்குப் பெரும்பாலும் தடையில்லை என்பார்கள் டாக்டர்கள். இருந்தாலும் கேட்டுக்கொள்வதே நல்லது.

சுருட்டுக்குப் பேர் போன ஊர் நம் ஊர். "நான் புகையை உள்ளே இழுப்பதில்லையே" என்று வாதாடுகிற பெரியவர்கள் உண்டு. சுருட்டின் நிகோடின் வாய்ச் சவ்வு வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். அப்பா விடுகிறாரென்றால் மாமாவும் மைத்துனரும் திண்ணையில் பற்ற வைக்காமல் இருக்க வேண்டும். பிரியாணி விஷயத்திலும் கதை இதுதான். அவருக்கு மட்டும் ரசம் சாதத்தை வைத்துவிட்டு எதிரே தட்டை நீட்டுவது என்ன நியாயம்?

குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனால் பல் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைத் தேதி பார்த்து டப்பாவில் பிரித்துப் போடுவதைப் பள்ளிக்கூடம் போகும் பேத்தியிடம் ஒப்படைத்துப் பாருங்கள். தாத்தா ஏமாற்ற முடியாது; பெரியவர் யாராவது ஒரு தரம் சரி பார்த்தால் போதும்.

நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், அது நடக்கப் போகும்போது சட்டைப் பையில் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் நின்று, உட்கார்ந்து, ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷத்தில் வலி அடங்கவில்லையானால், கூட வந்தவர் 108க்குப் போன் செய்ய வேண்டும். அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றக் கூடாது.