ஒரே எண்ணில் அடங்குமா?

‘நான் படிப்பில் மந்தம்’ என்று சொல்லும் மாணவர் பலர். தம்மைப் பற்றித் தாமே கொண்டிருக்கும் இத்தகைய எண்ணத்தை உளவியலார் ‘தற்கருத்து’ என்பர். கண்ணுக்குப் புலப்படாத இதனை அளப்பது எங்ஙனம்? ‘கணக்குப் பாடம் எனக்கு எளிது’, ‘வாசிப்பதில் எனக்கு விருப்பம் மிகுதி’ போன்ற கூற்றுகளைத் தந்து, அவை எந்த அளவுக்குத் தமக்குப் பொருந்தும் என மாணவரையே குறிக்கச் செய்வர்.

1976ஆம் ஆண்டில் ஷேவல்சன், ஹப்னர், ஸ்டான்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் ஒரு கோட்பாட்டு மாதிரியை முன்வைத்தனர். அதன்படி, தற்கருத்து பல அடுக்குகளைக் கொண்டது. உச்சியில் இருப்பது ஒருவரின் பொதுவான தற்கருத்து. அதன்கீழ்க் கல்வி, நட்புறவு, உணர்ச்சி, உடல் ஆகியவை பற்றிய எண்ணங்கள் அமையும். கல்வியின்கீழ் ஒவ்வொரு பாடமும் தனித்தனியே இடம்பெறும்.

ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் உளவியலார் வினாப்பட்டியல்களை உருவாக்கி இம்மாதிரியைச் சோதித்தார். தற்கருத்து பல கூறுகளை உடையது என்பது உறுதியாயிற்று. எனினும், எதிர்பாராத உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. கணக்கில் மிகுந்த மதிப்பெண் பெறுவோர் பெரும்பாலும் மொழியிலும் மிகுதியாகவே பெறுகின்றனர். ஆனால், கணக்கைப் பற்றிய தற்கருத்துக்கும் மொழியைப் பற்றிய தற்கருத்துக்கும் இடையே ஏறத்தாழத் தொடர்பே இல்லை. ஆகவே, 1985இல் மார்ஷும் ஷேவல்சனும் கல்வி பற்றிய கூற்றைக் கணக்கு, மொழி என இரண்டாகப் பிரித்தனர். மாணவரின் விடைகள் மாதிரியோடு பொருந்தாதபோது திருத்தப்பட்டது மாதிரியே, மாணவர் அல்லர்.

இதற்கு மார்ஷ் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. மாணவர் தம்மைப் பிறருடன் மட்டும் ஒப்பிடுவதில்லை. தம் ஒரு பாடத்தை மற்றொரு பாடத்துடனும் ஒப்பிடுகின்றனர். கணக்கில் 95உம் தமிழில் 80உம் பெறும் மாணவி, வகுப்பில் பலர் தமிழில் 70 பெற்றிருப்பினும், ‘எனக்குத் தமிழ் வராது’ என்று எண்ணிவிடக்கூடும். அவ்வெண்ணம் அவளுடைய தமிழறிவின் அளவன்று, ஒப்பீட்டின் விளைவே.

நூற்றுக்கணக்கான மாணவரைக் கவனிக்கும் பள்ளிக்கு ஒரே கூட்டெண் எளிதாகத் தோன்றலாம். ஆயினும், கணக்கில் அஞ்சும் மாணவரையும் மொழியில் அஞ்சும் மாணவரையும் அக்கூட்டெண் ஒன்றாகவே காட்டும். யாருக்கு எந்த உதவி வேண்டும் என்பதைக் காட்டாது. வினாவின் மொழியும் தெளிவாக இருத்தல் வேண்டும். எதிர்மறைக் கூற்றுகளுக்கு விடையளிப்பதில் சிறுவர் தடுமாறுவதை மார்ஷின் ஆய்வு காட்டியுள்ளது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசும் பிள்ளைகளிடம் வினவும்போது இதில் கூடுதல் கவனம் தேவை.

ஆகவே, பள்ளிகள் தற்கருத்தைப் பாடவாரியாக அளத்தல் வேண்டும். விடைகளைப் பிறர் அறியாமல் காத்தல் வேண்டும். அவற்றைக் கொண்டு மாணவரைத் தரம்பிரித்தல் முறையன்று. மாணவரும் ‘நான் மந்தம்’ என்று பொதுவாகச் சொல்வதை விடுத்து, ‘எந்தப் பாடத்தில்? எதனோடு ஒப்பிட்டு?’ எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று.

சிந்தித்து எழுதுக:
1. 1976ஆம் ஆண்டின் மாதிரி ஏன் திருத்தப்பட்டது?
2. ‘ஒரே கூட்டெண் போதும்’ என்னும் கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.