கண்ணாடி போட வெட்கமா?

குட்டீஸ்... கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணத்தை நெருங்கினால், சாலையோரம் எல்லாம் உப்பளம் தான். பாத்தி பாத்தியாய் தண்ணீர். வரப்பில் குவித்து வைத்த வெள்ளை வெளேர் உப்பு. உச்சி வெயிலில் அதைப் பார்த்தால், நம்மையும் அறியாமல் கண்ணைச் சுருக்கிக் கொள்வோம்.

அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன், எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்குகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் என்ன சொல்வர்? 'உப்பளத்து வெயில், கண் கூசுது...' என்று விட்டு விடுவர். ஆனால், வகுப்பறைக்குள் ஏது வெயில்? அங்கேயும் கண்ணைச் சுருக்கிக் கொண்டு கரும்பலகையைப் பார்த்தால், அது வெயில் கூச்சம் இல்லை. கண் உதவி கேட்கிறது என்று அர்த்தம்.

கண்ணைச் சுருக்கும் போது, ஒளி நுழையும் வழி சிறிதாகிறது. அதனால், எழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும். இது கண் தானாகக் கண்டுபிடித்த தற்காலிகத் தந்திரம். ஆனால், நாள் முழுக்க இப்படியே காலம் தள்ள முடியுமா? தலைவலி தான் மிஞ்சும்.

கிட்டப்பார்வை என்பது என்ன தெரியுமா? பெரியவர்களின் கண்விழி, முன்னும் பின்னுமாக சுமார் 24 மில்லி மீட்டர் நீளம் இருக்கும். அது சற்றே நீண்டு விட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல், அதற்கு முன்னாலேயே விழுந்து விடும். குழிலென்ஸ் போட்ட கண்ணாடி, அந்த பிம்பத்தைச் சரியான இடத்திற்குத் தள்ளி வைக்கிறது. அவ்வளவு தான். இதில் அவமானப்பட என்ன இருக்கிறது?

'கண்ணாடி போட்டுப் பழகினால், பவர் ஏறிக்கிட்டே போகும்...' என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. இது உண்மையில்லை. உடம்பு வளரும் வயதில், கண்ணும் வளர்கிறது. அதனால் பவர் மாறுகிறது. மலேசியாவில், 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2002ல் வெளியானது. வேண்டுமென்றே பவர் குறைத்த கண்ணாடியைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுக்குப் பவர் ஏறுவது குறையவில்லை. சரியான கண்ணாடி போட்டவர்களை விட, சற்று வேகமாகவே ஏறியது!

அப்படியானால், கண்ணாடியை எப்போதும் போட்டுக் கொண்டே இருக்க வேண்டுமா?

எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. குறைவான கிட்டப்பார்வை என்றால், கரும்பலகை பார்க்கும் போதும், சைக்கிள் ஓட்டும் போதும் போட்டால் போதும் என்று டாக்டர் சொல்லலாம். ஆனால், மாறுகண் இருந்தாலோ, ஒரு கண்ணுக்கும் மற்ற கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் இருந்தாலோ, விஷயமே வேறு. மங்கலான கண் அனுப்பும் படத்தை, மூளை ஒதுக்கத் தொடங்கி விடும். சின்ன வயதிலேயே சரி செய்யாவிட்டால், பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் முழுப் பார்வை வராமல் போகலாம். இவர்கள் டாக்டர் சொன்னபடி, நாள் முழுக்கப் போட வேண்டும். ஆக, எப்போது போடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். முகம் பார்க்கும் கண்ணாடியும், 'சோடாபுட்டி' என்று கேலி செய்யும் பக்கத்து பெஞ்சுக்காரனும் அல்ல!

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் மாட்டிய காலண்டரிலிருந்து, பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடி, மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியவில்லை என்றால், அம்மாவிடம் உடனே சொல்லி விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும் போது, நல்ல கண் மற்றதன் குறையை மறைத்து விடும், நமக்கே தெரியாது.

'அப்பா, அம்மா அளத்துக்குப் போனால் தான் கூலி. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், ஒரு நாள் கூலி போய் விடுமே...' என்று வாயை மூடிக் கொள்ளும் நல்ல மனசுக்காரப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தான் இதை எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்க, 2009ல், 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைக் கொண்டு வந்தது தமிழக அரசு. உங்கள் பள்ளிக்குக் கண் பரிசோதிக்க வரும் போது, முன்னால் நிற்பவன் படித்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். அது பரீட்சை அல்ல. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்பவர் தான் அங்கே கெட்டிக்காரர்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களாலேயே, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். பணி ஓய்வு பெற்ற பின், 1976ல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2003ல் புதுச்சேரியிலும் அது வந்தது. பணம் இல்லை என்பதற்காக, யாரும் பார்வை இழக்கக் கூடாது என்பது தான் அவர் எண்ணம். அவரைப் போன்றோர் இவ்வளவு பாடுபட்ட பின், வெட்கத்துக்காக நாம் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்து வைக்கலாமா?

கடற்கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை... உப்புக் காற்று பட்டு, கண்ணாடியில் உப்பும், மணலும் படியும். சட்டை நுனியால் அப்படியே துடைத்தால், கீறல் விழும். நல்ல தண்ணீரில் அலசி விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

இன்னொன்று... வெள்ளை உப்பும், தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும் இடம் உப்பளம். பல ஆண்டுகள் அப்படி வெயில் பட்டால், கண்ணில் சதை வளரும். புரை விழவும் கூடும். உங்களுக்குக் கண்ணாடி வாங்கப் போகும் போது, 'அப்பா, நீங்களும் கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க. வெயிலுக்கு ஒரு நல்ல கறுப்புக் கண்ணாடி போடுங்க' என்று சொல்லுங்கள். மகளோ, மகனோ சொன்னால், அப்பா கேட்பார்.

நம் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள்... காந்தித் தாத்தா கண்ணாடி போட்டுக் கொண்டு தானே சிரிக்கிறார்? நாளைக்கு, பைக்குள் இருக்கும் உங்கள் கண்ணாடியையும் எடுத்து மாட்டிக் கொண்டு, வகுப்புக்குப் போங்கள்!