கலைக்குக் கருவி மட்டும் போதுமா?

நிதியுதவி வேண்டிச் செல்லும் கலை மன்றங்களுக்கு இக்காலத்தில் ஒரு புதிய உபதேசம் கிடைத்து வருகிறது. மண்டபத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லையா? இணையத்தில் ஒளிபரப்புங்கள். பழகுநர்க்கு வேதனம் கொடுக்க முடியவில்லையா? காணொளியாகப் பதிந்து விடுங்கள். ஊரிலே சபையோர் குறைந்து விட்டனரா? உலகமே உங்கள் சபை. இவ்வுபதேசம் கேட்பதற்கு இனிக்கிறது. கொடுப்பவருக்கும் அது செலவு வைப்பதில்லை. ஆனால், வெட்டப்பட்ட பணத்தின் இடத்தை ஒரு கருவி நிரப்பி விடும் என்பது உண்மைதானா என்று எவரும் நின்று கேட்பதாகத் தெரியவில்லை. அதனை நாம் இன்று கேட்க விரும்புகிறோம்.

புதிய கருவிகளுக்கு நாம் பகைவரல்லர் என்பதை முதலிலேயே சொல்லி விடுதல் நன்று. கலையைக் காக்க வந்த கருவியைத் தமிழன் என்றும் புறக்கணித்ததில்லை. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1956ஆம் ஆண்டில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அப்பொழுது நமது நாட்டுக்கூத்துக்கள் பெரும்பாலும் ஏட்டிலும், கொப்பியிலும், அண்ணாவிமாரின் நெஞ்சிலுமே இருந்தன. அவர் ஊர் ஊராகச் சென்று கூத்துக்களைத் தேடினார், போட்டிகள் நடத்தினார், அண்ணாவிமாரைக் கௌரவித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962லும், ‘என்றீக் எம்பரதோர் நாடகம்’ 1964லும் அவர் பதிப்பாக அச்சேறின. ‘கர்ணன் போர்’ 1962லும், ‘இராவணேசன்’ அதன் பின்னரும் பல்கலைக்கழக மாணவர் ஆட மேடையேறின. அன்று கூத்துக்கு அச்சு இயந்திரம் எப்படியோ, இன்று எண்ணிமத் தொழில்நுட்பம் அப்படி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அச்சு இயந்திரம் தானாக ஓடவில்லை. அதன் பின்னால் ஓர் அறிஞரின் உழைப்பும், அண்ணாவிமாரின் அறிவும், பொது நிறுவனங்களின் ஆதரவும் நின்றன. இவை மூன்றும் இன்றி இயந்திரம் மாத்திரம் இருந்திருக்குமாயின், அது கல்யாணப் பத்திரிகைகளையே அச்சடித்திருக்கும்.

இலங்கைக் கலைக்கழகம் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1946இல், பிரித்தானியக் கலைக்கழகம் அரச சாசனம் பெற்றிருந்தது. கலைக்குப் பொதுப்பணம் கொடுக்கும் முறைக்கு நமக்கு முன் நடந்த நாடு அது. பணத்தை வெட்டிக் கருவியைக் கைகாட்டும் முறையிலும் நமக்கு முன் நடந்த நாடு அதுவே. ஆகவே அங்கு நிகழ்ந்ததை நாம் அறிந்து கொள்ளுதல் வேண்டும்.

2010ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய அரசாங்கம் இங்கிலாந்துக் கலைக்கழகத்துக்குரிய மானியத்தை நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கத் தீர்மானித்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 2009 ஜூனில், இலண்டன் தேசிய நாடக அரங்கு தன் நாடகத்தை நேரடியாகச் சினிமாக் கொட்டகைகளில் காட்டும் முறையைத் தொடங்கியிருந்தது. அம்முறையால் நன்மை விளையவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அரங்குக்கு நேரில் வந்தவர்களை விட வருமானம் குறைந்தவர்கள் கொட்டகைக்கு வந்தார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டனர். திரையிற் காட்டுவதால் நேரில் வருவோர் குறையவில்லை என்பதும் தெளிவாயிற்று. நாடகம் தலைநகரை விட்டு நாட்டுப்புறத்துக்குச் சென்றதென்றால் அது பெரும் பேறே.

ஆயினும், நன்மை பெற்றவர் யார்? பெயரும், மேடையும், தேர்ந்த ஒளிப்பதிவாளரும் உடைய பெரிய நிறுவனம். 2013ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக் கலை நிறுவனங்களிடம் தொடர்ந்து விசாரித்தபோது, எண்ணிம முயற்சிகளுக்குத் தடையாக இருப்பவை பணமின்மையும் ஊழியருக்கு நேரமின்மையுமே என்று பெரும்பாலானவை மறுமொழி கூறின. பணமில்லாத குறையைத் தீர்ப்பதற்கென்று சொல்லப்பட்ட மருந்தை வாங்குவதற்கே பணமில்லை!

பின்னர் கொவிட் நோய் வந்தது. 2020 ஏப்ரிலில் அதே தேசிய நாடக அரங்கு தன் நாடகங்களை யூடியூபில் இலவசமாகக் காட்டியது. சில மாதங்களில் அவை ஒன்றரைக் கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன. உலகத்தில் எந்த நாடக மன்றமும் கனவிற் கூடக் காணாத சபை அது. அச்சபையால் அரங்கு பிழைத்ததா? இல்லை. 2020 ஜூலையில் பிரித்தானிய அரசாங்கம் கலை நிறுவனங்களைத் தாங்குவதற்கென 157 கோடி பவுண் ஒதுக்க வேண்டி வந்தது. ஒன்றரைக் கோடி பார்வை பெற்ற அவ்வரங்கே அந்நிதியிலிருந்து 1 கோடி 97 இலட்சம் பவுண் கடனாகப் பெற்றது. கருவி கலையைப் பரப்பியது. கலைஞனைக் காப்பாற்றியதோ பொதுப்பணம். இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவோர் அறியாமையால் பேசுகிறார்கள், அல்லது அறிந்தே பேசுகிறார்கள்.

செல்வம் நிறைந்த நாட்டின் கதை அதுவாயின், நமது நிலை என்ன?

நம் விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் தடை செய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதா, தீயதா என்பதன்று அன்றிருந்த கேள்வி. போதிய பசளையும், பழக்கமும், கால அவகாசமும் கொடாமல் ஒரே நாளில் மாறும்படி உழவனை ஏவியது நியாயமா என்பதே கேள்வி. அந்நியச் செலாவணி இல்லாத குறை, புதிய விவசாயக் கொள்கை என்ற போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தது. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆனால் பெரும்போக விளைச்சல் வீழ்ந்ததை எந்த வர்த்தமானியும் மீட்டுத் தரவில்லை. கலை மன்றங்களுக்கு இன்று கூறப்படும் உபதேசமும் இத்தகையதே. பணமில்லாத குறை, ‘டிஜிட்டல் யுகம்’ என்ற போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. சில மாதங்களில் அது 360 ரூபாவைத் தாண்டிற்று. கமராவும், ஒலிவாங்கியும், கணினியும் இந்நாட்டில் செய்யப்படுவனவல்ல. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் குறைக்கப்பட்டதுண்டு; எனினும், அறுவடை முடிந்த பின் விடிய விடிய ஆடும் ஒரு கூத்துக்கு விளக்குப் போடுவதே பெருஞ் செலவாகி விட்டது. இதற்கு மேல் மூன்று கமராவும், அவற்றை இயக்குவோரும், இணையத்துக்குரிய கட்டணமும் வேண்டுமாயின், அப்பணத்தை யார் தருவது? முன்னர் ஊர்மக்கள் நெல்லாகவும் காசாகவும் அண்ணாவியாருக்குக் கொடுத்தது இன்று கமராக்காரரின் கூலியாக மாறுமாயின், கலைக்கு வந்த வரவு என்ன?

இணையத்தில் வருவாய் வரும் என்பர். யூடியூபில் விளம்பரப் பணத்திற் பங்கு பெறுவதற்கு ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். அத்துடன் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது பொது விதி. குறுங் காணொளிகளுக்கு வேறு கணக்குண்டு. அது இதனினும் பெரிது. நாள்தோறும் ஏதாவது காட்டுவோருக்கு இவ்விதி எளிது. ஆண்டுக்கு ஒரு கூத்துப் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேற்றும் மட்டக்களப்புக் கிராமம் இந்நிபந்தனையை எப்பொழுது நிறைவு செய்வது? மன்னாரிலும் முல்லைத்தீவிலும் உள்ள மன்றங்கள் எப்பொழுது நிறைவு செய்வன?

ஆகவே நடப்பது யாதெனில், கூத்து ஊருடையதாகவும், காணொளி வேறொருவருடையதாகவும் ஆகி விடுகிறது. ரொறன்ரோவிலும், இலண்டனிலும், பாரிசிலும் உள்ள நம்மவர் ஊர்த் திருவிழாவையும் கூத்தையும் கண்ணீர் மல்கப் பார்க்கிறார்கள். அது நன்றே. ஆனால் அப்பார்வையால் வரும் பணமும், பதிவின் உரிமையும் பெரும்பாலும் பதிந்தவர் கையிலேயே தங்குகின்றன. ஆடியவனுக்குக் கைதட்டலும் இல்லை, காசும் இல்லை.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளனின் உரிமையை ஏற்றுக்கொள்கிறது. அவனுடைய ஒப்புதலின்றி அவன் ஆற்றுகையைப் பதிவதும் ஒளிபரப்புவதும் கேள்விக்குரியன. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அச்சட்டம் தனிப் பாதுகாப்பு வகுத்துள்ளது. எனினும் ஏட்டிலுள்ள உரிமை எழுந்து நடப்பதில்லை. கேட்பவனுக்கே அது உரிமை. ஒப்புதல் கொடுத்த பின் வழக்காடுவதிலும் பார்க்க, கொடுக்கும் முன் ஒரு கடதாசியில் நிபந்தனையை எழுதிக் கையொப்பமிடுதல் ஆயிரம் மடங்கு மேல். நமது மன்றங்களுள் எத்தனை இதனைச் செய்கின்றன?

இன்னொன்றும் உண்டு. பதிவது வேறு, காப்பது வேறு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்ற பாடத்தை அத்தீ நமக்குக் கற்பித்தது. அப்பாடத்தைக் கற்றவர்கள் 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும், பத்திரிகைகளும், ஓலைச்சுவடிகளும் அதன் வழியாக உலகெங்கும் படிக்கக் கிடைக்கின்றன. தொழில்நுட்பத்தை நம் மக்கள் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் அது தொண்டர் உழைப்பிலும் அன்பர் நன்கொடையிலும் நிற்பது. நன்கொடை தளர்ந்தால் வருடுவோர் குறைவர்; சேமிப்பகங்களுக்குக் கட்டணம் செலுத்துவதும் கடினமாகும். நூலைப் போல் அலமாரியில் வைத்து மறந்து விடக்கூடிய பொருளன்று எண்ணிமப் பதிவு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய கருவிக்கு மாற்றாவிடில் அது வாசிக்க முடியாத தகடாகி விடும். தனியொருவர் வீட்டுக் கணினியிலும், அந்நியக் கம்பனி ஒன்றின் தளத்திலும் மட்டும் நமது கூத்துக்கள் கிடக்குமாயின், இன்னொரு நூலகத்தை எரிப்பதற்குத் தீயும் வேண்டியதில்லை.

கட்டடத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். இந்திய அரசின் கொடையால் யாழ்ப்பாணத்தில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார நிலையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைப் பெற்றது. கொடை ஒரு முறை வருவது. மின்கட்டணம் மாதந்தோறும் வருவது. கட்டடமாயினும் கமராவாயினும், வாங்குவதற்கு ஒருவர் கிடைப்பார். நடத்துவதற்கே நிலையான நிதி வேண்டும்.

அந்நிலையான நிதிக்குப் பொறுப்பாளி யார்? அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி நாடகமும் இசையும் மாகாண சபைப் பட்டியலிலே உள்ளன. மாகாணத்தின் நூலகங்களும் நூதனசாலைகளும் அவ்வாறே. ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன் பின் 2025ஆம் ஆண்டு முடியும் வரை தேர்தல் நடத்தப்படவில்லை. மக்கள் தெரிவு செய்த சபை இல்லாதவிடத்து, கலைக்குரிய வாக்குப்பணம் வெட்டப்படும் பொழுது எழுந்து கேட்பதற்கும் ஒருவர் இல்லை. கலைஞனின் குறை இவ்வாறு அரசியற் குறையுமாகிறது.

எனினும் கைகட்டி இருக்க நியாயமில்லை. 2025 மே மாதத் தேர்தலினால் அமைந்த மாநகர, நகர, பிரதேச சபைகள் உள்ளன. ஒவ்வொரு சபையும் தன் வரவு செலவுத் திட்டத்தில் கலைப் பதிவுக்கும் காப்புக்கும் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கட்டும். அயற் சபைகள் கூடி ஒரு தொகுதிக் கருவியை வாங்கி, மன்றங்களுக்கு முறைவைத்துக் கொடுக்கட்டும். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. அங்கேயுள்ள இளைஞருக்குப் பதியவும் தொகுக்கவும் பயிற்சி அளிக்கட்டும். பதிந்ததன் ஒரு பிரதி மன்றத்திடமும், ஒரு பிரதி பொது ஆவணக் காப்பகத்திலும் இருக்கட்டும். மன்றங்கள் எழுத்து ஒப்பந்தமின்றி எவரையும் பதிய விடாதிருக்கட்டும். அந்த ஒப்பந்தத்தை வரைந்து கொடுப்பதற்கு நம் சட்டத்தரணிகள் ஊதியம் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். கேட்பார்களாயின் அது அவர்களுக்கு அழகன்று. வெளிநாட்டில் வாழும் அன்பர்களும் பார்த்துக் களிப்பதோடு நில்லாமல், பார்ப்பதற்குரிய கட்டணத்தை மன்றத்துக்கே நேராகச் செலுத்தட்டும்.

இவற்றுள் எதுவும் அரசாங்கத்தின் கடமைக்கு ஈடாகாது. கருவி வந்து விட்டது என்ற காரணத்தால் ஒரு சதமேனும் மானியத்தைக் குறைப்பதற்கு நாம் இணங்க முடியாது. விதைநெல்லைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த போகம் விதைக்க முடியுமா? கூத்தைப் பழக்க ஓர் அண்ணாவியாரும், பழகப் பத்து இளைஞரும், ஆட ஒரு களரியும் இருந்தாலன்றி, கமரா பதிவதற்கு எதுவும் எஞ்சியிராது. முதலில் களரிக்கு வழி செய்யுங்கள். கமரா அதன் பக்கத்திலே நிற்கட்டும்.