ஆறு கெட்டு ஏரு ஆகலை, மக்கா!

ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த கோவம். ஆட்டோ அனுப்புறவங்க நேரா வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிருங்க.

"தமிழ் ஆறு கெட்டுப்போய்தான் தெலுங்குல ஏரு ஆச்சு. மலையாளமே கெட்டுப்போன தமிழ்தான்." இப்படி எழுதுற பதிவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அஞ்சுக்கு அடுத்த ஆறுக்குத் தெலுங்குல என்ன? அதுவும் ஆறுதான்! ஒரே ஒலியுள்ள ரெண்டு சொல்லுல ஒண்ணு மட்டும் எப்படிவே கெட்டுப்போகும்?

விடை சங்கத் தமிழ்லயே கிடக்கு. தண்ணி ஓடுற ஆறு அங்க 'யாறு'. எண்ணுக்கு அந்த யகரம் கிடையாது. யானை தெலுங்குல ஏனுகு, யாண்டு ஏடு, யாறு ஏரு. அவங்க 'யா'வை 'ஏ' ஆக்கினாங்க, நாம யகரத்தையே தொலைச்சோம். ஆக நம்ம ஆறு அம்மை இல்லை, ஏருவுக்குக் கூடப்பிறந்தது. அம்மைச் சொல்லை யாரும் எழுதி வைக்கலை, ஒப்பிட்டுத்தான் மீட்கணும். அதனாலதான் மொழியியல்காரங்க அதுக்கு முன்னால ஒரு நட்சத்திரம் போடுறாங்க: *யாறு. இதெல்லாம் புது விஷயமும் இல்லை. நம்ம பக்கத்துல இடையன்குடியில இருந்த கால்டுவெல் 1856லயே ஒப்பிலக்கணம் போட்டுட்டார்.

சரி, உருபு சேத்துப் பாருங்க. ஆறு, ஆற்றில். மலையாளத்துலயும் ஆற்றில். தெலுங்குல ஏரு, ஏட்டி. மூணுலயும் உருபுக்கு முன்னால அந்த 'று' வல்லொலியா இறுகுது. ஒரு பேரைக் கடன் வாங்கலாம். அது உருபேற்கும்போது பண்ணுற கோணங்கித்தனத்தையும் சேர்த்தா கடன் வாங்குவான்? அது பிறப்போட வர்றது.

அந்த *யாறுல இருந்த 'ற' இன்னைக்கு நாம உருட்டுற ற இல்லை. நுனிநாக்கு மேல்பல் ஈறுல முட்டித் தெறிக்கிற ஒலி. இல்லாட்டி க ச ட த ப ற-ன்னு வல்லினத்துல அதை ஏன் வச்சான்? யாழ்ப்பாணத்துக்காரங்க 'மீற்றர்'னு எழுதுறது அந்த ஒலியை நம்பித்தான். திருவனந்தபுரத்து ஆற்றுகாலை மலையாளி சொல்லும்போது கேளுங்க, அதே ஒலி.

இனி சொந்தக் கதை. எங்க ஆச்சி விளவங்கோடு பக்கத்துல இருந்து நாஞ்சில்நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. காற்று, ஆற்று எல்லாத்தையும் அந்தப் பழைய ஒலியிலதான் சொல்லுவா. பள்ளிக்கூடத்துல நானும் அப்படி வாசிச்சேன். "மலையாளத்தான் மாதிரி வாசிக்காதல"ன்னு வாத்தியார் காதைத் திருகினார். வீட்டுக்கு வந்து ஆச்சியையே நான் கேலி பண்ணினேன். அவ ஒண்ணும் சொல்லலை. அப்புறம் என் முன்னால கொஞ்சம் மெதுவாப் பேசினா.

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ந்தது. நாக்கை மட்டும் இன்னும் சந்தேகமாவே பாக்கீங்க. தமிழ்ப்பெருமை பேசுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா தமிழோட பழைய ஒலியை வச்சிருந்த கிழவியைக் கேலி பண்ணிட்டு என்ன பெருமை?

டிஸ்கி: உள்குத்து உண்டு. குத்தினது முதல்ல எனக்குத்தான்.