தியாகம் என்னும் திரை

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரவில் 1867 ஆம் ஆண்டு தேயிலை பயிரிட்டு, இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலியவர் ஜேம்ஸ் டெயிலர். 1892 ஆம் ஆண்டு மே மாதம் அதே மலையில் அவர் உயிர்நீத்தார். அவரைக் கொன்றது வயிற்றுளைச்சல். தொழிலாளர் 24 பேர் இரு அணிகளாகப் பிரிந்து, மாறி மாறித் தோள்கொடுத்து அவரது உடலைக் கண்டிக்குச் சுமந்து சென்றனர். மகியாவை மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். துரைக்குக் கல்லறை கிடைத்தது. சுமந்தோரின் லயங்களில் அதே நோய்க்கு இரையானோருக்குக் கிடைத்தது யாது?

இவ்வினாவுக்குச் செவிகொடாத எவரும், கிராமத்திலும் தோட்டத்திலும் தாதியாகப் பணிபுரிய ஒருவர் ஏன் முன்வருகிறார் என்பதற்கு விடைகூறும் தகுதியற்றவரே. ஆயினும் மேடைகளிலே விடைக்குக் குறைவில்லை. ‘தியாகம்’ என்பர், ‘தெய்வத் தொண்டு’ என்பர், விளக்கேந்திய நங்கை நைற்றிங்கேலை நினைவூட்டுவர், பொன்னாடை போர்த்துவர். அந்த நைற்றிங்கேல் கிரிமியப் போரின் மரணங்களைக் கணக்கிட்டு, படைவீரரைக் கொன்றது குண்டினும் மிகுதியாக நோயே என்று புள்ளிவிபரங்களால் அரசை இடித்துரைத்தவர் என்பதை மட்டும் மறந்துவிடுவர். விளக்கு அவர்களுக்கு உவப்பானது, கணக்கு உவப்பானதன்று.

தியாகம் என்னும் சொல் தாதியைப் போற்றுவதுபோலத் தோன்றினும், உண்மையில் அது பிறரின் பொறுப்பை மறைக்கும் திரையேயாகும். ஒருவரின் தியாகத்தால் நடைபெறவேண்டிய காரியத்தை அரசிடம் உரிமையாகக் கேட்க எவரும் துணியார். வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை புலனாகும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872 ஆம் ஆண்டிலும் 1912 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் அன்றாடக் கவனிப்பு பெரிதும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டது. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபின், பயிற்சிபெற்ற மருத்துவ மாது கிராமத்து வீடுகளின் வாயிலுக்கே செல்லும் முறை நாடெங்கும் வளர்ந்தது. தாய்மார் மரணத்தையும் சிசு மரணத்தையும் குறைத்த நாடென உலகம் இலங்கையைப் புகழ்வதற்கு அம்முறையும் ஒரு காரணமாகும். அதே தெல்தோட்டையில் கீழே கிராமத்துத் தாய் அரசின் பொறுப்பிலும், மேலே லயத்துத் தாய் தோட்டத்துரையின் பொறுப்பிலும் நெடுங்காலம் இருந்தனர். ஒரு மலையில் இரு நீதிகள்!

இத்தகைய மலையிலிருந்து ஒரு பெண் தாதியாக விரும்புவாளாயின் அவ்விருப்பத்தின் ஊற்று எங்கேயுள்ளது? இரவில் பிரசவ வேதனையுற்ற தாயை லொறியில் ஏற்றி மலைப்பாதையில் இறக்கிச் சென்றதைக் கண்டவள் அவள். நோயுற்ற பாட்டி தன் வேதனையைத் தமிழிற் சொல்ல, அதனை விளங்கிக்கொள்வார் எவருமின்றிக் கையசைவுகளால் மருந்து பெற்றுத் திரும்பியதைக் கண்டவளும் அவளே. தன் இனத்தாரின் நோயைத் தன் மொழியிற் கேட்டறியும் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும் என அவள் எண்ணுகிறாள். இது தியாகமன்று, நீண்டகாலக் கடனொன்றை வசூலிக்கும் எண்ணம்.

‘அரசாங்கச் சம்பளத்துக்காகவே தாதித் தொழிலை நாடுகின்றனர்’ என இகழ்வாரும் உளர். நாட்சம்பளத்துக்காகக் கொழுந்து பறித்த தாயின் மகள் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் விரும்புவதில் இழுக்கென்ன? பொறியியலாளரிடமும் சட்டத்தரணியிடமும் கேட்கப்படாத வினா தாதியிடம் மட்டும் கேட்கப்படுவதேன்? வயிறு நிறைந்த சேவையே நிலைத்து நிற்கும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் தாதியர் பலர் கடல்கடந்து சென்றமை, புகழுரையால் எவரையும் நிறுத்திவைக்க இயலாது என்பதைத் தெளிவாக்கிற்று.

விருப்பம் இருந்தும் வழி இருந்ததா? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நாடற்றவரின் மகள் அரசாங்கத் தாதியாவது எங்ஙனம்? 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தபின்னரும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கலாயிற்று. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலே நிறைவேறியது. ஆனால் தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடச் சித்தி வேண்டும்; தோட்டப்புறங்களிலோ தமிழ்மொழிமூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் உயர்தர வகுப்புகள் அரிது. சட்டம் திறந்த கதவைப் பாடசாலை மூடிவைத்திருக்கிறது.

ஆதலின் வேண்டப்படுவது பொன்னாடையன்று. மலையகப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். தோட்டப்புற மருத்துவமனைகளுக்குத் தமிழறிந்த தாதியர் வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். தெல்தோட்டைக்கு மிக அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தாதியியல் பட்டப்படிப்பே நடைபெறுகிறது. அங்கே விஞ்ஞானமும் மருத்துவமும் பயிலும் தமிழ் மாணவர் வார இறுதியில் மலையேறி ஒரு வகுப்பை நடத்துவாராயின், நூறு பாராட்டுவிழாக்கள் செய்யாததை அது செய்யும்.

அன்று துரையின் சவத்தைக் கண்டிவரை சுமந்தவை தொழிலாளரின் தோள்கள். அத்தோள்களின் வழித்தோன்றல்கள் இன்று கேட்பது, தம் நோயாளரை உயிருடன் காக்கும் கல்வியையே. அதனை மறுப்போர் தாதியைத் தெய்வமென வாழ்த்தாதிருப்பதே நன்று.